தட்டில் இருப்பது எந்தக் கடலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் என் மகனுக்கு நிலக்கடலையும் முந்திரியும் ஒத்துக்கொள்வதில்லை. சிறு துணுக்கு உள்ளே போனாலும் உதடு தடித்து மூச்சுத் திணறத் தொடங்கிவிடும் என்பதால், அட்ரினலின் ஊசியைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவனை எங்கும் அழைத்துச் செல்கிறோம். தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் இனிப்பு வாங்கப் போனாலும் அப்படித்தான்.

உறையிட்டு விற்கும் தின்பண்டங்களில் எங்களுக்கு அவ்வளவு கவலையில்லை. நிலக்கடலை, முந்திரி, பாதாம், பால், முட்டை, சோயா உள்ளிட்டவை கலந்திருந்தால் உறையில் குறிப்பிட வேண்டும் என்று சிங்கப்பூரின் உணவு விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால் நம் கண்முன்னே நிறுத்துத் தரும் லட்டுக்கும் மைசூர்பாகுக்கும் அந்தக் கட்டாயம் இல்லாததால், கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு கடையில் லட்டைக் காட்டி, "இதில் கடலை இருக்கிறதா அண்ணே?" என்று கேட்டேன். "கடலை மாவுதான்மா" என்றார். அவர் சொன்னது சரிதான்; அது கடலைப்பருப்பு மாவு, என் மகன் சாப்பிடலாம். ஆனால் பூந்தி பொரித்தது கடலை எண்ணெயிலா? அங்கே கடலை என்றால் நிலக்கடலை. கடலை மிட்டாயிலும் அதுவே, பொட்டுக்கடலையிலோ வேறு. "பருப்பு சேர்க்கவில்லை" என்ற பதிலும் இப்படித்தான் குழப்புகிறது, ஏனெனில் துவரையும் நமக்குப் பருப்பு, முந்திரியும் பருப்பு. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே முந்திரி கேக்கை எடுத்த அதே கையுறையோடு அவர் லட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தார். மேலே வெள்ளைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. பின்னால் வரிசை நீண்டிருந்த நேரத்தில் அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வாங்காமல் திரும்பிவிட்டோம்.

கடைக்காரர்கள் ஒவ்வொரு தட்டின் முன்னும் ஒரு சிறு அட்டை வைத்து, வெறும் கடலை, பருப்பு என்று எழுதாமல் நிலக்கடலை, முந்திரி, பாதாம் என்று முழுப் பெயரோடு எழுதி, பொரித்த எண்ணெயையும் குறிப்பிட வேண்டுகிறேன். முந்திரி, பாதாம் சேர்ந்த இனிப்புகளுக்குத் தனி இடுக்கியும் வேண்டும். ஒரே இடுக்கி எல்லாத் தட்டிலும் புழங்கினால் அட்டை எழுதியும் பயனில்லை.

வீட்டில் முந்திரி போடாமல் கேசரி கிண்டித் தருகிறேன், அவனும் விரும்பிச் சாப்பிடுகிறான். ஆனாலும் கடையில் தானே பார்த்து ஒன்றை எடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. இந்த ஆண்டு தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கக் கற்றிருக்கிறான். அட்டை இருந்தால் அவனே படித்துவிடுவான்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி