‘துரோகி’யை விட்டுவிட்டுப் பேசுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1987 முதல் 1990 வரை இலங்கையில் இந்திய அமைதிப்படை இருந்த நாட்களைப் பற்றிய கட்டுரைக்கு வந்த வாசகர் கடிதங்களைச் சென்ற இதழில் படித்தேன். படையை ஆதரித்தவர் இனத் துரோகி, எதிர்த்தவர் தேசத் துரோகி என்றே அவை பேசின. அன்று அங்கே இருந்தவர் ஒருவர்கூட எழுதவில்லை. எழுதினால் இரண்டில் ஒரு பட்டம் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு யார் எழுதுவார்கள்?

என் அக்காள் கணவர் 1987-இல் அந்தப் படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்த சிப்பாய். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்த அம்மாள், 1990-இல் இலங்கையிலிருந்து படகேறி வந்து மண்டபம் அகதிகள் முகாமில் தங்கியவர். சட்டைக் காலர் மாற்றப் போன இடத்தில் பேச்சு வந்திருக்கிறது. அம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள், அண்ணை?” என்று கேட்டாராம். அத்தான் தான் பணியில் இருந்த ஊரின் பெயரைச் சொன்னார். அன்று அதற்கு மேல் இருவராலும் பேச முடியவில்லை. சட்டையை வாங்கப் போன நாளில்தான் அத்தான் அங்கே உட்கார்ந்தார்.

பிறகு பல மாலைகள் பேசினார்கள். சிலவற்றில் நானும் இருந்தேன். முதலில் வந்தபோது மக்கள் மாலை போட்டு வரவேற்றதை அத்தான் சொன்னார். விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்ட அக்டோபரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட 30 சீக்கிய வீரர்களில் ஒரே ஒருவர் பிழைத்ததைச் சொன்னார். அதே மாதம் 21-ஆம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் இந்தியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டதை அம்மாள் சொன்னார். “உள்ளேயிருந்து புலிகள் சுட்டார்கள் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்” என்றார் அத்தான். “கையைத் தூக்கிக்கொண்டு வந்த டாக்டருமா சுட்டார்?” என்றார் அம்மாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். நான் அங்கே இல்லையே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. மறுநாளும் போனார்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்டார்கள். ஆயுதம் ஏந்திய புலிகள் கையெழுத்திடவில்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்காகப் படையை அனுப்பியது தவறு. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகாததும் சரி என்றே நினைக்கிறேன். இதை அத்தானிடம் சொன்னபோது இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “அனுப்பியது டெல்லி. செத்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் கேட்டுக்கொண்டு போனவன் எவன், மாப்பிள்ளை?” என்றார். அரசின் முடிவைக் கண்டிக்கும் வேகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாயை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் கருத்து மாறவில்லை. ஆனால் அதைச் சொல்லும் முறை மாறியிருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பொருளில் கடுமையான கருத்துகளைத் தயங்காமல் வெளியிடுங்கள். ‘துரோகி’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் உறவைப் பறிகொடுத்தவர்களுக்கும், கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் உள்ள அமைதிப்படை நினைவுச் சின்னத்தில் பெயர் பொறிக்கப்பட்ட வீரர்களின் வீட்டாருக்கும் ஒரே பக்கத்தில் இடம் கொடுங்கள்.

அம்மாள் இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். அத்தான் எழுதச் சம்மதித்து நான்கு பக்கம் எழுதியும் விட்டார். பெயர் போடலாமா என்று கேட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருச்சி