தா என்று கூப்பிட்ட பிள்ளைக்கு

அன்பு உறவுகளுக்கும் எங்கள் தெருவாருக்கும் வணக்கம்.

டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த சின்னவன் வீட்டுக்கு வந்து இன்றோடு 4 நாள். நேற்று ராத்திரி தானே கேட்டு இரண்டு தோசை சாப்பிட்டான். நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேர் அந்த வராந்தாவில் என்னோடு நின்றவர்கள்தான். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனசு வரவில்லை.

1871இல் நம் முன்னோர் ரங்கூனில் கட்டிய காளியம்மன் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, விபூதியைப் பொட்டலம் கட்டி ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவந்த அக்காமார், முழங்கால் தண்ணீரில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவை மிதித்து எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த பர்மாக்கார அண்ணன், கணக்கு எழுதாமல் மருந்து கொடுத்த பாய், மலேசியாவிலிருந்து பணம் புரட்டி அனுப்பிய என் வீட்டுக்காரரின் கூட்டாளிகள், கஞ்சி கொண்டுவந்தவர்கள், எனக்கு மாற்றுப் புடவை கொண்டுவந்தவர்கள் எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஸயாமா என்று மரியாதையாக நாங்கள் கூப்பிடும் அந்த நர்ஸுக்குத் தனியாக ஒரு கும்பிடு. நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப நின்றேன். அவர்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து, ரத்தத்தின் நீர்ச்சத்து குழாயைவிட்டு வெளியே கசிவது அப்போதுதான் என்று பொறுமையாகச் சொன்னார். எத்தனை வாய் தண்ணீர் குடித்தான், எத்தனை தடவை ஒன்றுக்குப் போனான் என்று என்னைத் தாளில் கோடு போட வைத்தார். நான் கிளம்பியிருந்தால்... வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். அவனுக்கு 14 வயது இருக்கும்.

எங்கள் கட்டடத்தின் கீழே இருக்கும் டீக்கடையை எல்லாருக்கும் தெரியும். அங்கே மேசை துடைத்து, கோப்பை எடுத்து, காசில்லாமல் வைக்கும் வெறுந்தேநீர் பிளாஸ்க்கை மேசை மேசையாக நிரப்புகிற பையன். ஐராவதி ஆற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். ராத்திரி கடை மூடியதும் மேசைகளை ஒட்டிப்போட்டு அதன்மேல் படுத்துக்கொள்வான். சம்பளம் அவன் கைக்கு வராது, நேராக ஊருக்குப் போய்விடும். நாலு வருஷமாக அவனை நான் "தா, ஒரு லபெயே" என்று கூப்பிட்டிருக்கிறேன். தா என்றால் பர்மியில் மகன், லபெயே என்றால் டீ. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. தமிழ்க் காதுக்கு அது கொடு என்று மட்டும்தானே கேட்கும்!

வார்டில் கரண்ட் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வெந்நீருக்கு அலைய வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் விடிகாலை 5 மணி இருக்கும், இந்தப் பையன் பிளாஸ்க்கோடு வந்து நின்றான். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். "அன்டீ, கடை அடுப்பில் முதல் கொதி, தம்பிக்கு" என்றான். கடையிலிருந்து நடந்தால் அரை மணி நேரம். திரும்பிப் போய்த்தான் அவன் மேசை போட வேண்டும். யாரும் சொல்லி அனுப்பவில்லை. பணத்தை நீட்டினேன். "ஆனாதே" என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். அடுத்தவரைச் சிரமப்படுத்தக் கூசுவதை பர்மாக்காரர்கள் இந்த ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். நனைந்து நின்றவன் அவன், கூசியதும் அவனேதான்.

பிளாஸ்க்கின் கைப்பிடியில் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி ஒரு துண்டுச் சீட்டு கட்டியிருந்தது. பெரியவன் எழுதியது. நாங்கள் இருப்பது நாலாம் மாடி. பால்கனியிலிருந்து தெருவரை தொங்குகிற கயிறும் நுனியில் கிளிப்பும், ஆட்டினால் மேலே கிணுகிணுக்கிற மணியும் ரங்கூனில் எந்த வீட்டில் இல்லை? அந்தக் கயிற்றில் விடியற்காலையில் சீட்டை இறக்கியிருக்கிறான். இவன் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறான். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் பெரியவனை நான் ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து பார்க்கவே இல்லை.

"அம்மா தம்பி தண்ணி குடிசானா. நான் அழல. நான் அழல. நான் அழல."

தமிழில் எழுதியிருந்தான். பள்ளிக்கூட லீவில் கோயில் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று ஏப்ரல் மாதம் முழுக்க என்னோடு மல்லுக்கு நின்ற பிள்ளை. வழியில் யாரும் படித்துவிடக் கூடாதென்றுதான் தமிழில் எழுதினான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதைச் சொன்னது அந்தப் பையன்தான். மறுநாள் காலை பிளாஸ்க்கை வைத்துவிட்டுப் போகாமல் நின்றான். "சொல்ல வேண்டாமென்று சத்தியம் வாங்கியிருக்கிறான், ஆனாலும் சொல்கிறேன் அன்டீ. ராத்திரி புவா புவா (அப்பத்தாதான்) தூங்கியதும் இறங்கி வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுகிறான். பால் நிறைய ஊற்றி டீ கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை." கொஞ்சம் நிறுத்தி, "என்னையும் நீதான் பெரியவன் என்று சொல்லித்தான் ஊரிலிருந்து அனுப்பினார்கள்" என்றான்.

சைக்காவில் ஏறும்போது பெரியவனிடம் நான் சொன்னது அதேதான். "அப்பா ஊரில் இல்லை. இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை. அப்பத்தாவைப் பார்த்துக்கோ, அழக் கூடாது." 9 வயதுப் பிள்ளையிடம்! அதைத் தைரியம் கொடுப்பதாக நினைத்தேன். எங்கள் அப்பத்தாவுக்கு 1964இல் 9 வயது. கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு, சொந்தபந்தமெல்லாம் கப்பலேறிப் போனபோது அவருக்கும் இதையே சொல்லி வாயை அடைத்தார்களாம். இந்த வாரம்தான் முதல் தடவையாக அதைச் சொன்னார். அறுபது வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

நானும் ஒரு சீட்டு எழுதி பிளாஸ்க்கில் கட்டி அனுப்பினேன். "அழு கண்ணு. அப்பத்தா மடியில் படுத்து அழு. அம்மாவும் இங்கே அழுதேன். தம்பி இன்னிக்கு ஆறு தடவை ஒண்ணுக்குப் போனான்." அன்று ராத்திரி அப்பத்தாவும் பேரனும் சேர்ந்து அழுதுவிட்டு, சேர்ந்தே தூங்கினார்களாம்.

பெண் பிள்ளை பெற்றவளுக்குத்தான் கவலை, இரண்டும் பையன், உனக்கென்ன என்று என்னிடம் சொல்லாதவர்கள் இல்லை. பையன் விழுந்தால் நாம் முழங்காலைத்தான் பார்க்கிறோம், முகத்தைப் பார்ப்பதில்லை. என் பிள்ளையின் முகத்தைப் பார்த்தது, பெற்றவளை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற இன்னொரு பிள்ளை. இனி என் வாயிலிருந்து நீதான் பெரியவன் என்ற பேச்சு வராது. பெரியவன் மூத்தவனாக இருக்கட்டும், அது போதும். இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் மூன்று சட்டை தைக்கிறோம். கடைக்காரரிடம் கேட்டாகிவிட்டது, மாதத்தில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு அவனுக்கு எங்கள் வீட்டில்தான். அவன் அம்மாவிடம் போனில் பேசினேன். என் பர்மி அன்றைக்கு எங்கே போனதோ, "உங்கள் பிள்ளை நல்ல பிள்ளை" என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கமும் அழுகைதான்.

தெருவாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கரண்ட் இருந்தால்தான் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால்தான் மாடிக்குத் தண்ணீர் ஏறும் என்று எல்லாரும் டிரம் டிரம்மாகப் பிடித்து வைத்திருக்கிறோம். இந்தக் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, நாம் மூடாமல் வைக்கும் நல்ல தண்ணீரில்தான் பெருகுகிறது. பகலில்தான் கடிக்கிறது, ராத்திரிக் கொசுவலை மட்டும் போதாது. தண்ணீரைக் கொட்டினாலும் டிரம்மின் உள்சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்துகிடந்து, திரும்ப நிரப்பும்போது பொரிக்கும். வாரம் ஒரு தடவை நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடுங்கள். என் டிரம் திறந்துதான் கிடந்தது.

இன்று விடியற்காலை நாலரைக்கு மணி கிணுகிணுத்தது. பெரியவன் ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தான். காகிதத்தில் சுற்றி, இன்னும் சூடாக, டீயில் தோய்த்துச் சாப்பிடும் எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி, ஈச்சாக்குவே, இரண்டு. பதிலுக்கு என்ன கட்டி இறக்குவது என்று அண்ணனும் தம்பியும் இதோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சின்னவன் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது.