ரெப்போ குறைந்தால் எங்கள் தவணையும் குறைய வேண்டும்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம்.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ, 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்து, 2023 பிப்ரவரிக்குள் ஆறு முறை ஏறி 6.50 சதவீதம் ஆனது. 2025 பிப்ரவரிக்கும் டிசம்பருக்கும் இடையில் நான்கு முறை இறங்கி 5.25-க்கு வந்தது. இரண்டும் ஆளுநர் தலைமையிலான நிதிக் கொள்கைக் குழு எடுத்த முடிவுகள், காரணங்களும் உங்களுக்குத் தெரியும். ஏறிய காலத்தில் என் வீட்டுக்கடன் வட்டியும் சுணக்கமில்லாமல் கூடவே ஏறியது. இறங்கியபோது அந்த ஒன்றேகால் சதவீதத்தில் என்னிடம் வந்து சேர்ந்தது கால் சதவீதம்தான். மீதி ஒரு சதவீதம் எங்கே நின்றுபோனது என்று கேட்கத்தான் இந்த மடல்.

கடன் கொடுத்த ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் கிளைக்குப் போய் இதையே கேட்டேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், உங்களுடையது பழைய கடன். புது வாடிக்கையாளருக்கு உள்ள வட்டி வேண்டுமென்றால் கன்வர்ஷன் கட்டணம் கட்டிவிடுங்கள், குறைத்துத் தருகிறோம்" என்றார். அந்தக் கட்டணம் பாக்கி அசலில் ஒரு சதவீதக் கணக்கு, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வட்டியை ஏற்றியபோது யாரும் என்னிடம் கட்டணமும் கேட்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. இறக்குவதற்கு மட்டும் விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரை அப்படிச் சொல்ல அனுமதிக்கிற விதியின் மேல்தான் கோபம்.

அந்த விதி உங்கள் கையில் இருக்கிறது. வங்கிகள் தரும் புதிய ஃப்ளோட்டிங் வட்டி (ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக்கடன்களை ரெப்போ போன்ற, வங்கி தானே மாற்ற முடியாத வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்று 2019 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். நல்ல விதி. அதற்குப் பின்னணியும் உண்டு. பேஸ் ரேட், எம்.சி.எல்.ஆர். என்று தாங்களே போடும் அடிப்படை வட்டிக் கணக்குகளை வங்கிகள் தங்கள் வசதிக்கு வளைத்துக்கொள்கின்றன, அதனால் ரெப்போ குறைப்பு மக்களிடம் போய்ச் சேர்வதில்லை என்று 2017-ல் ஜனக் ராஜ் தலைமையிலான உங்கள் சொந்த ஆய்வுக் குழுவே சொன்னது. அந்த நோய்க்குத்தான் வெளி அளவுகோல் மருந்து. ஆனால் அந்த மருந்தை வங்கிகளோடு நிறுத்திவிட்டீர்கள். ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் இன்றும் தாங்களே நிர்ணயிக்கும் பிரைம் லெண்டிங் ரேட் என்ற அடிப்படை வட்டியை வைத்துத்தான் வட்டி போடுகின்றன. அதை எப்போது குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்பதும் அவற்றின் விருப்பம். 2019 ஆகஸ்டிலேயே அந்த நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு தேசிய வீட்டுவசதி வங்கியிடமிருந்து உங்களிடம் வந்துவிட்டது. அதிகாரம் இல்லை என்று சொல்ல வழியில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான்: ரெப்போ குறைந்தால் அந்தக் குறைப்பு எங்கள் கடனுக்கும் வர வேண்டும். நாங்கள் போய்க் கேட்காமலே வர வேண்டும். கட்டணம் இல்லாமல் வர வேண்டும்.

இதில் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பாருங்கள். மாதச் சம்பளமும் ஃபார்ம் 16-ம் (முதலாளி தரும் சம்பள வரிச் சான்று) உள்ளவருக்கு வங்கியே கூப்பிட்டுக் கடன் தருகிறது. தையல் கடை வைத்திருப்பவர், வாடகை வண்டி ஓட்டுபவர், வீட்டிலேயே கேட்டரிங் செய்பவர் போனால் வருமானத்துக்குக் காகிதம் கேட்கிறார்கள். காகிதம் இல்லாதவர்களில் பலர் கூடுதல் வட்டி என்று தெரிந்தே ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் வாசலுக்கு வருகிறார்கள். அதிக வட்டி கட்டுகிற அவர்களுக்குத்தான் உங்கள் 2019 விதியின் பாதுகாப்பு இல்லை. 25 லட்ச ரூபாய் பாக்கி உள்ள ஒரு குடும்பத்துக்கு ஒரு சதவீத வட்டி என்பது ஆண்டுக்கு ஏறக்குறைய 25,000 ரூபாய். ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பங்கு அது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

ஒருவர் 30 லட்ச ரூபாயை 7 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 23,259 ரூபாய். ஓர் ஆண்டு ஒழுங்காகக் கட்டுகிறார். அசலில் சுமார் 71,000 ரூபாய் கழிந்து, பாக்கி 29 லட்சத்து 28 ஆயிரம் சொச்சம். அப்போது வட்டி இரண்டரை சதவீதம் ஏறி 9.5 ஆகிறது. 2022 மேக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ஏறிய அதே இரண்டரை சதவீதம்தான். தவணையைக் கூட்டாமல் விட்டால் என்ன நடக்கும்? முதல் மாத வட்டி மட்டுமே 23,185 ரூபாய். அவர் கட்டும் 23,259-ல் அசலுக்குப் போவது 74 ரூபாய். இந்த வேகத்தில் கடன் அடைய இன்னும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

அசல் குறையாமல் கடன் வளர்ந்துகொண்டே போகும் நிலை வரக்கூடாது என்று 2023 ஆகஸ்ட் 18-ல் நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. மாதம் 74 ரூபாய் கழிந்தாலும் அந்த விதி மீறப்படவில்லை! நடைமுறையில் 60 ஆண்டு யாரும் தரமாட்டார்கள் என்பது உண்மை. கடனாளியின் வயது வரம்பு எதுவரை இடம் கொடுக்கிறதோ அதுவரை காலத்தை இழுக்கிறார்கள். அதற்கு மேல் இழுக்க முடியாதபோது தவணையையும் ஏற்றுகிறார்கள். இரண்டு அடியும் அவர் மேலேயே விழுகிறது. பணி ஓய்வுக்கு முன்னால் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு வாங்கிய கடன், ஓய்வூதியம்கூட இல்லாத வயதுக்குள் நீண்டுவிடுகிறது.

தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டிலும் கொஞ்சமா என்று கடனாளியைக் கேட்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரியும்படி கணக்கு தர வேண்டும் என்றெல்லாம் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. என்னை யாரும் கேட்கவில்லை. எத்தனை மாதங்கள் கூடியிருக்கின்றன என்பதை வருமான வரிக்காக எடுத்த ஆண்டுக் கணக்குத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சுற்றறிக்கை போட்டதோடு வேலை முடிந்துவிடுமா, ஐயா? அது நடக்கிறதா என்று பார்ப்பது யார்? நாங்கள் ஒவ்வொருவரும் புகார் மனு எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பிடிக்கவில்லை என்றால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றிக்கொள்ளலாமே என்று சொல்வார்கள். ஃப்ளோட்டிங் வட்டியில் உள்ள வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் தனிநபர்களிடம் அபராதம் வாங்கக்கூடாது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே தடை வந்துவிட்டது. அதற்கு நன்றி. ஆனால் மாற்றுவது என்றால் பழைய அடமானத்தை ரத்து செய்யும் ரசீதைப் பதிய வேண்டும், புது வங்கிக்கு எம்.ஓ.டி. (வீட்டுப் பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிய வேண்டும், வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர், பிராசஸிங் கட்டணம் என்று வரிசையாகச் செலவு. அதைவிட முக்கியம், வருமானக் காகிதம் இல்லை என்று முன்பு திருப்பி அனுப்பிய வங்கி இப்போது மட்டும் எப்படி ஏற்றுக்கொள்ளும்? இவர்களுக்குப் போக வேறு இடமில்லை என்பது கடன் கொடுத்தவர்களுக்கும் தெரியும்.

வட்டிக் குறைப்பால் வீடு வாங்குவது எளிதாகிவிட்டது என்று ஒவ்வொரு அறிவிப்பின்போதும் பேசுகிறார்கள். வீடு வாங்கத் தேடுகிறவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். மாதம் 25,000 ரூபாய் தவணை கட்ட முடிந்த ஒருவருக்கு 9.5 சதவீத வட்டியில், 20 ஆண்டுக் கணக்கில், சுமார் 26 லட்சத்து 80 ஆயிரம் கடன் கிடைக்கும். வட்டி 8.25 ஆனால் அதே தவணைக்கு சுமார் 29 லட்சத்து 30 ஆயிரம் கிடைக்கும். இரண்டரை லட்சம் கூடுதல். சந்தையில் தேவையான அளவு வீடுகள் இருந்தால் அந்த இரண்டரை லட்சம் வாங்குபவருக்கு ஒரு கூடுதல் அறையாகவோ, குறைந்த கடனாகவோ மாறும். வீடுகள் குறைவாக இருந்தால் அதே ஃபிளாட்டுக்குப் போட்டி கூடி, அந்தப் பணம் நேராக விலைக்குள் போய்விடும். வாங்குபவர் அதே வீட்டைப் பெரிய கடனோடு வாங்குவார். வட்டி மறுபடி ஏறும் நாளில் அந்தப் பெரிய கடன்தான் அவர் கழுத்தை இறுக்கும்.

சென்னையில் சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டும் சிறிய ஃபிளாட்டைத் தேடினால், தாம்பரம் தாண்டி, ஆவடி தாண்டி, பூந்தமல்லி தாண்டித்தான் தேட வேண்டியிருக்கிறது. நிலத்தின் விலைக்குச் சிறிய வீடு கட்டினால் கட்டுப்படியாகவில்லை என்று பில்டர்கள் சொல்கிறார்கள். மலிவு வீடு என்பதற்கான ஜி.எஸ்.டி. வரம்பு 2019-ல் 45 லட்சம் ரூபாய் என்று வைத்தது. இன்றும் 45 லட்சம்தான். சிமெண்டும் கம்பியும் கூலியும் நிலமும் 2019 விலையிலா நிற்கின்றன? அந்த வரம்புக்குள் வந்தால் வரி ஒரு சதவீதம், தாண்டினால் 5 சதவீதம். பெருநகரத்தில் அந்த வரம்புக்குள் வீடு கட்டுவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டே வருகிறது.

பழைய வீடுகளாவது விற்பனைக்கு வருமா என்றால், அதற்கும் தடை. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு நாலரை லட்சம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இந்தச் சின்ன வீட்டை விற்றுவிட்டுக் கொஞ்சம் பெரிய வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கும் குடும்பம் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அப்படியே இருந்துவிடுகிறது. அவர்கள் காலி செய்திருந்தால் அந்தச் சின்ன வீடு இன்னொரு இளம் குடும்பத்துக்குக் கிடைத்திருக்கும். போதாக்குறைக்கு, உங்கள் விதிப்படி முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் வீட்டு மதிப்பில் சேர்த்துக் கடன் தரக்கூடாது. 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டும்தான் விலக்கு. பத்து லட்சத்தில் எந்த நகரத்தில் வீடு இருக்கிறது? முன்பணம் சேர்த்த பிறகும் பதிவுச் செலவுக்காக நகையை அடகு வைக்காமல் வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் எத்தனை இருக்கும்?

ஜி.எஸ்.டி. வரம்பும் முத்திரைத் தீர்வையும் உங்கள் கையில் இல்லை. அவற்றை ஜி.எஸ்.டி. கவுன்சிலிடமும் மாநில அரசிடமும்தான் கேட்க வேண்டும், கேட்போம். ஆனால் வீடுகள் குறைவாக உள்ள சந்தையில் வட்டிக் குறைப்பின் பலன் விற்பவரின் விலைக்குள் போய்விடுகிறது என்றால், அது முழுதாக ஒரு குடும்பத்தின் கைக்கு வந்து சேரக்கூடிய இடம் ஒன்றுதான்: ஏற்கெனவே வீடு வாங்கித் தவணை கட்டிக்கொண்டிருப்பவரின் கடன். அங்கே யாரும் யாருக்கும் போட்டியில்லை, விலை ஏறாது. அந்த இடத்தில்தான் குறைப்பு வராமல் நிற்கிறது.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களின் ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக்கடன்களையும் வெளி அளவுகோலுக்குள் கொண்டுவாருங்கள். வங்கிகளில் இன்னும் எம்.சி.எல்.ஆரிலும் பேஸ் ரேட்டிலும் தங்கியிருக்கும் பழைய கடன்களையும் கட்டணமில்லாமல் மாற்றிவிடச் சொல்லுங்கள். மாதா மாதம் அசலில் குறைந்தபட்சம் இவ்வளவாவது கழிய வேண்டும் என்று ஒரு வரம்பு வையுங்கள். 74 ரூபாயைக் காட்டி விதியைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாதபடி அது இருக்கட்டும். 2023 சுற்றறிக்கையின்படி கடனாளியின் ஒப்புதல் பெறாமல் காலத்தை நீட்டிய கடன்கள் எத்தனை என்று ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும் என்று உத்தரவிடுங்கள்.

நிதிக் கொள்கை முடிவை அறிவிக்கும் நாளில், ஒழுங்குமுறை நடவடிக்கைகள் குறித்தும் தனியாக ஓர் அறிக்கை வெளியிடுகிறீர்கள். அடுத்த அறிக்கையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், ஐயா. எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
வீட்டுக்கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடிமகன்