கயிற்றில் எனக்கு இடம் விட்டவர்களுக்கு

தங்கச்சிமடத்துத் தெருவாருக்கும், தனுஷ்கோடியில் கரைவலை இழுக்கும் அண்ணன்மாருக்கும், மதுரையில் என்னை வளர்த்த அம்மா அப்பாவுக்கும் வணக்கம்.

என்னைப் பெற்றவளின் அண்ணனை, என் மாமாவை, நான் முதன்முதலில் கண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் உங்களிடம் நேரில் சொல்ல நினைத்துத் தொண்டை அடைத்துத் திரும்பியிருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி வளர்த்தவர்களுக்கு. பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்த தத்துப் பத்திரத்தைத் தாங்களாகவே எடுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். தத்துப் பிள்ளை 18 வயது நிறைந்த பிறகு தன் வேரைத் தேட மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். வேறு ஒருவர் அவருக்காகத் தேட விதியில் இடமில்லை. கையெழுத்து நான்தான் போட வேண்டும் என்று அறிந்ததும் அப்பா பேனாவை நீட்டினார். ஓர் அலுவலகத்தில் கோப்பே இல்லை என்று நான்கு மாதம் அலைக்கழித்தார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம். கோப்பைக் கண்டெடுத்து, எனக்குச் சொல்லும் முன் மாமாவிடம் சென்று, “பார்க்க விருப்பமா?” என்று கேட்டு வந்த அந்த அம்மையாரை மட்டும் மறக்க மாட்டேன்.

2023 தை மாதம். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றுவிட்ட காலம். மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்து வந்தேன். “சாப்பிட்டாயா தாயி?” என்றார் மாமா. அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. என்னைப் பெற்றவள் உயிரோடு இல்லை. அவளைப் பற்றிக் கேட்க எனக்கும் துணிவில்லை, சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு அத்தைதான் பெட்டியைப் பார்த்து, “அதில் என்ன?” என்று கேட்டு வயலினை எடுக்க வைத்தார். அத்தை, அந்தக் கேள்விக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

வாசித்து முடித்ததும் மாமா கண்ணை மூடி, வலை இழுப்பவர்களின் பாட்டான அம்பாவைப் பாடத் தொடங்கினார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்து வந்த குடும்பம். அப்போது அவருக்கு ஆறு வயது. பின்னாளில் அதே கரையில் வலை இழுப்பவர்களுக்கு அடி எடுத்துக் கொடுத்த குரல் அது. ஐந்து கட்டைச் சுருதியில் இருந்த வயலினை, தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகி அவருடைய சுருதிக்கு இறக்கினேன். ஆனந்தபைரவி ராகம் என்று நினைத்துத் தொட்டால் பாட்டு அங்கே நிற்கவில்லை. தாளமும் பிடிபடவில்லை. ஓர் அடி நீண்டது, அடுத்தது சுருங்கியது.

“வீட்டில் உட்கார்ந்தால் வராது” என்று மறுநாள் விடியலில் கரைக்கு அழைத்துச் சென்றார். அங்கே நீங்கள் எனக்குக் கயிற்றில் இடம் விட்டீர்கள். பின்னோக்கி நடந்து இழுத்தபோதுதான் விளங்கியது: அலை வலையைப் பின்னுக்கு இழுத்தால் “ஏலேலோ” நீளும், கயிறு இளகினால் அடி விரையும். பன்னிரண்டு ஆண்டு கற்ற தாளக் கணக்குக்கு எட்டாத ஒன்றை என் உள்ளங்கைக்கு நீங்கள் கற்றுக் கொடுத்தீர்கள். தோல் உரிந்த கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்ட அண்ணிக்கும், நான் தடுமாறியபோதெல்லாம் சலிக்காமல் அதே அடியைத் திரும்பப் பாடிய அண்ணன்மாருக்கும் என் நன்றி.

அந்தப் பாட்டில் ஓர் இடத்தில் மாமா எப்போதும் நிறுத்திவிடுவார். நான் காரணம் கேட்டதில்லை. சென்ற மாதம் அவராகவே சொன்னார்: கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கும் என் அம்மா, அந்த அடியை அவர் வாயிலிருந்து பறித்துத் தான் பாடுவாளாம். இப்போது அந்த இடம் வந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். உப்புக்காற்றில் வில்லின் முடி தளர்ந்திருந்தாலும் அந்த அடியை நான் வாசித்துவிடுகிறேன்.

பங்குனியில் மறுபடி வருகிறேன். புதுப் பாலத்தில் ரயில் ஓடுவதால் இனி மண்டபத்தில் இறங்க வேண்டியதில்லை. மாமாவின் இருமலுக்கு மருந்து தீர்ந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தெரு மருமகள்