செல்வராசுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்த சேதி படித்ததும் உன் தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவள் குரலே சரியில்லை. அப்புறம்தான் மீதிக் கடிதத்தைப் படித்தேன். கம்பெனியில் தகடு அழுத்தும் பவர் பிரஸ்ஸில் அவள் பையனுக்கு ஆள்காட்டி விரல் இரண்டு கணு போயிருக்கிறதே! கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் வேறு.

ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனியே கட்டிவிட்டது, 'வீட்டில் கிரைண்டரில் மாட்டிக்கொண்டது' என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள், நல்ல மனுஷங்க என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனுஷங்கதான், யார் இல்லை என்றது? தொழிலாளிகளின் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் காலம் தள்ளியவன் சொல்கிறேன், கேள்.

வீட்டில் அடிபட்டால் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டின் கணக்கில் அது நோய் விடுப்பு. சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள், அதோடு சரி. வேலையில் அடிபட்டால் 90 சதவீதம், உடம்பு தேறி வேலைக்குத் திரும்பும்வரை. எத்தனை நாள் சந்தா கட்டினான் என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். பிறகு மெடிக்கல் போர்டு பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்று முடிவு செய்யும், அதை வைத்துத்தான் மாதப் பணம். அட்டவணையில் ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14 சதவீதம், இரண்டு கணு என்றால் 11. சின்னத் தொகைதான், ஆனால் அவன் ஆயுசுக்கும் உள்ள பாத்தியதை அது. கிரைண்டர் என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனையும் போச்சு.

முதலில் டூட்டி டாக்டர் சீட்டில் என்ன எழுதினார் என்று பார். பக்கத்து மிஷினில் நின்றவனிடம் இப்போதே எழுதி வாங்கிவிடு, ஆறு மாதம் போனால் அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. விபத்துப் பதிவேட்டில் ஏறியதா, விபத்து அறிக்கையான 12-ஆம் நம்பர் படிவம் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போனதா என்று கேள். மழுப்பினால் பையனே நடந்ததை எழுதிக் கொடுக்கட்டும்.

நம்ம ரங்கசாமிக்கு விரல்கூடப் போகவில்லை, அதனால் எதுவுமே எழுதப்படவில்லை. மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமில் வேலை. லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனால் நெஞ்சை அடைக்கும், வாரக் கடைசியில் லேசாகும். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இருந்தது. பார்க்கும் டாக்டரே தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றும் இருந்தது. அவன் சீட்டுகளில் எல்லாம் 'ஆஸ்துமா'. என்ன வேலை செய்கிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லையாம். இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை.

பையனைச் சீட்டுகளோடு திங்கட்கிழமை அனுப்பு. கிளை அலுவலகத்துக்கு நானும் கூட வருகிறேன். கம்பெனியில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
பழனிச்சாமி