மலை ஏறத் திணறிய கார்: கண்டுபிடிக்காத பழுதுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்: டீசல் கார் வாடிக்கையாளர், காட்பாடி, வேலூர் மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கார் நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: ஏற்றத்தில் வண்டி இழுக்காத பழுதைக் கண்டுபிடிக்காமலே பில் போட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் 1.5 லிட்டர் டீசல் கார் வைத்திருக்கிறேன். வாரண்டி இன்னும் முடியவில்லை. வேலூரில் இருக்கும் உங்கள் சர்வீஸ் சென்டர், இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) கிளீனிங், டீசல் ஃபில்டர் என்று 11,400 ரூபாய் வாங்கிக்கொண்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தது. பழுது அப்படியே இருந்தது. கடைசியில் வெளி மெக்கானிக் ஒருவர்தான் அதைக் கண்டுபிடித்தார். ஒரு ரப்பர் ஹோஸ் கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

என் மனைவியின் ஊர் ஏலகிரி மலைமேல் உள்ள அத்தனாவூர். பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையில் வண்டியை ஒரு குறை சொல்ல முடியாது. பொன்னேரி தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும்தான் தகராறு. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் ஆர்பிஎம் 2,000-ஐத் தாண்டவில்லை. பானெட்டுக்குள்ளிருந்து 'உஸ்' என்று காற்றுப் போகிற சத்தம், பின்னால் கரும்புகை. செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. அந்தப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏசியை நிறுத்திவிட்டு, பெரும்பாலும் முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் வந்த பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்ததைத் தப்புச் சொல்ல மாட்டேன், ஏற்றத்தில் அவருக்கும் வேகம் விட்டால் கஷ்டம்.

இதையெல்லாம் சர்வீஸ் சென்டரில் விவரமாகச் சொன்னேன். ஜாப் கார்டில் ஏறியது 'பிக்கப் குறைவு' என்ற இரண்டு சொல் மட்டும். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. "எந்த பங்க்ல சார் டீசல் போட்டீங்க?" என்று கேட்ட அட்வைசர் தம்பி, நான் பதில் சொல்லும் முன்பே டீசல் கலப்படம் என்று முடிவு கட்டிவிட்டார். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டார்கள், அதில் வந்த பழுதுக் குறியீட்டை அழித்தார்கள். என்ன குறியீடு என்று குறித்து வைக்கவில்லை. ஓட்டிப் பார்த்தது கிரீன் சர்க்கிள் பக்கம். அங்கே இருக்கிற நெரிசலில் மாட்டுவண்டிகூட நன்றாகத்தான் ஓடும்.

என் முக்கியமான ஆட்சேபம் அந்தப் புகையைப் பற்றியது. ஃபில்டர் அடைத்து, டீசல் போதாமல் திணறுகிற இன்ஜின் கரும்புகை விடாது. எரிக்கக் காற்று போதாமல் டீசல் மிஞ்சினால்தான் கரும்புகை வரும். இன்ஜெக்டர் ஒழுகினாலும் புகை வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி ஒழுகினால் வண்டி நிற்கும்போதும் இன்ஜின் தடுமாறியிருக்கும். என் வண்டி ஐடிலில் சீராகவே ஓடியது. ஆகவே பார்த்திருக்க வேண்டியது காற்று வரும் வழியை. சத்தமும் அதையேதான் சொன்னது.

கொணவட்டம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பாய், நான் மலையைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் வண்டிக்கு அடியில் போய்விட்டார். அதன் பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஸ்கேனரை மாட்டியபடியே பெங்களூர் ரோட்டில் மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தார். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம். ஸ்கேனர் திரையில் இன்ஜின் கேட்கும் டர்போ அழுத்தம் ஒரு கோட்டில் ஏறியது, உண்மையில் கிடைத்த அழுத்தம் கீழேயே நின்றது. பி0299 என்ற பழுதுக் குறியீடும் விழுந்தது. டர்போ அழுத்தம் போதவில்லை என்பதுதான் அதன் பொருள். எந்தப் பாகம் கெட்டது என்று அந்தக் குறியீடு சொல்லாது, அதைக் கையால்தான் தேட வேண்டும். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில், ஆயில் கசிந்து தூசி அப்பிய இடத்தைத் துணியால் துடைத்தார். ஒரு விரற்கடை நீளத்துக்குக் கிழிசல். சோப்பு நீர் தெளித்துக் காற்று ஏற்றியதும் குமிழி குமிழியாக வந்தது. வண்டி நிற்கும்போது அந்தக் கிழிசல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டில் டர்போ அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கிறது. அளந்து உள்ளே விட்ட காற்று பாதி வழியில் வெளியேறிவிட, டீசல் மட்டும் பழைய கணக்குக்கே விழுந்திருக்கிறது.

ஹோஸ் கிழிந்த காரணத்தையும் அவர் காட்டினார். அதைப் பிடித்து நிறுத்தும் கிளிப் அங்கே இல்லை. ஹோஸ் ஒரு இரும்பு பிராக்கெட்டில் உரசி உரசி, அந்த பிராக்கெட்டின் விளிம்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. முந்தைய சர்வீஸில் அடித்தட்டைக் கழற்றிய உங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அந்த இடத்தில் கை வைக்கவில்லை. இதைப் போய்ச் சொன்னபோது, ரப்பர் பாகத்துக்கு வாரண்டி கிடையாது, அது தேய்மானம் என்றார்கள். கிளிப் எப்படித் தேய்ந்து மறையும் என்று கேட்டேன். மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள்.

புது ஹோஸ், கிளிப், கூலி எல்லாம் சேர்ந்து 3,200 ரூபாய் ஆனது. இப்போது அதே மலையில் வண்டி ஏசியோடு ஏறுகிறது.

இந்த 3,200 ரூபாயும், உங்கள் சர்வீஸ் சென்டர் வாங்கிய 11,400 ரூபாயும் எனக்குத் திரும்ப வர வேண்டும். எந்தச் சோதனையை வைத்து இன்ஜெக்டர் கிளீனிங் தேவை என்று முடிவு செய்தார்கள் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

ஜாப் கார்டு, இரண்டு பில்கள், பிராக்கெட்டின் போட்டோ, ஸ்கேனர் திரையின் போட்டோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். கிழிந்த ஹோஸ் என்னிடமே இருக்கிறது. உங்கள் ஆட்கள் வந்து பார்க்கலாம். எடுத்துப் போக வேண்டுமென்றால் கையெழுத்திட்ட ரசீது கொடுத்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காட்பாடி.