பேரிடர்க் குழுக்களுக்கு: திட்டம் போடும்போதே பெண்களைக் கூப்பிடுங்கள்

பேரிடர்க் குழுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நிவாரண முகாம்களில் சில காலம் வேலை பார்த்தவள் நான்.

ஒரு முகாமில் ஒரு அம்மா. நல்ல வெயில், உதடெல்லாம் வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தால் நாக்கை நனைத்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். "குடிச்சா ராத்திரி போகணுமே" என்றார். கழிப்பறை முகாமின் கோடியில் இருந்தது. விளக்கில்லை, உள்தாழ்ப்பாள் இல்லை. கட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. இடம் பார்த்தார்கள், குழி தோண்டினார்கள், கணக்கை முடித்தார்கள். இருட்டில் அங்கே நடந்துபோக வேண்டியவர்களில் ஒருத்திகூட அந்தப் பேச்சில் இல்லை, அவ்வளவுதான்.

விதி இல்லாமலும் இல்லை. நிவாரண அமைப்புகள் உலகெங்கும் கையில் வைத்திருக்கும் ஸ்பியர் கையேடு, 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று, உள்ளே தாழ்ப்பாள் என்று தெளிவாகவே சொல்கிறது.

1991 ஏப்ரலில் வங்கதேசத்தைப் புயல் தாக்கியபோது சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். எச்சரிக்கை வெளியே நடமாடும் ஆண்களின் காதில் விழுந்தது. வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்களில் பலர், கணவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். புகலிடத்தில் அந்நிய ஆண்களோடு நெருக்கியடித்து இருக்கக் கூச்சம் வேறு. இன்று அதே நாட்டில் புயல் எச்சரிக்கைத் தொண்டர்களில் சரிபாதி பெண்கள். அங்கே சாவு வெகுவாகக் குறைந்ததற்கு முன்னறிவிப்பும் புகலிடங்களும் பெரிய காரணம்தான். ஆனால் வாசலில் ஒரு பெண்ணே வந்து நின்று "கிளம்புங்கள்" என்று சொல்வதை லேசாக எண்ணாதீர்கள்.

"எங்கள் குழுவிலும் பெண்கள் இருக்கிறார்களே" என்பீர்கள். சரி. பதிவேட்டில் கையெழுத்து, கூட்டத்தில் தேநீர்ப் பொறுப்பு, பார்த்திருக்கிறேன். நான் கேட்பது கிடங்குச் சாவியை. எந்தப் பொருள் யாருக்கு முதலில் என்று முடிவெடுக்கும் இடத்தை. நிவாரணப் படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, கணவர் காணாமல் போனவள் அதில் யார் பெயரை எழுதுவாள் என்று உங்கள் மேசையில் யாராவது கேட்டிருக்கிறார்களா?

அப்புறம், அடுத்த கூட்டத்தைச் சமையல் நேரத்தில் வைக்காதீர்கள். குழந்தைகளையும் கூட்டிவரலாம் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் முகாம் தொண்டர் ஒருத்தி